மருந்தோடு சோறும் வேணும்: டி.பி. வந்த வீட்டுக்கு நம் குழு என்ன செய்யலாம்?

(கூட்டமைப்பின் பொதுக்கூட்டத்தில் சுகாதாரக் குழுவின் சார்பில் பேசியதன் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர முடியாத உறுப்பினர்களுக்காக இங்கே தருகிறோம். குழுக் கூட்டத்தில் ஒருவர் படிக்க மற்றவர்கள் கேட்கலாம்.)



சின்னசேலம், சங்கராபுரம், தியாகதுருகம் பக்கம் இருந்தும், கல்வராயன் மலையில் வெள்ளிமலை, கரியாலூர், சேராப்பட்டு பக்கம் இருந்தும் வந்திருக்கீங்க. வேலையை விட்டுட்டு, மலையிலிருந்து பஸ் பிடிச்சு வந்தவர்களும் இருக்கீங்க. அதனால் உபயோகமான விஷயத்தை மட்டும் பேசுகிறோம்.

சேமிப்பு, கடன், வட்டி பற்றி மாதாமாதம் பேசுகிறோம். இன்னைக்கு டி.பி. பற்றிப் பேசலாம் என்று சுகாதாரக் குழுவில் முடிவு செய்தோம். காசநோய், சயரோகம், எலும்புருக்கி என்று பெரியவங்க சொன்னதும் இதுதான். உலகத்தில் டி.பி. வருகிற நாலு பேரில் ஒருவர் நம் நாட்டுக்காரர். குழுவில் ஒரு வீட்டுக்கு இந்த நோய் வந்தால் என்ன ஆகிறது? சம்பாதிக்கிறவர் படுத்துவிடுவார். தவணை நின்றுவிடும். அந்த அக்கா கூட்டத்துக்கு வரவே கூச்சப்படுவார். கொஞ்ச நாளில் வீட்டில் அடுத்தவருக்கும் இருமல் ஆரம்பிக்கும்.

இதில் நாம் ஒன்றும் செய்ய முடியாதா? முடியும் என்று ஒரு பெரிய ஆய்வு காட்டியிருக்கிறது. அரசாங்கமும் ஒரு தனியார் மருத்துவக் கல்லூரியும் சேர்ந்து செய்த ஆய்வு அது. அதைப் பற்றித்தான் இன்றைய பேச்சு.

மருந்து மட்டும் போதுமா?

முதலில் கொஞ்சம் பழைய கதை. 1956-ல் சென்னையில் ஒரு காசநோய் ஆராய்ச்சி மையம் தொடங்கினார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐ.சி.எம்.ஆர். என்று சொல்வார்கள்), அப்போதைய மெட்ராஸ் அரசு, உலக சுகாதார நிறுவனம், இங்கிலாந்தின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் எல்லாம் சேர்ந்து செய்த வேலை. இன்றைக்கு அது தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்ற பெயரில் சென்னையில் இயங்குகிறது.

அந்தக் காலத்தில் டி.பி. வந்தால் ஆஸ்பத்திரியிலேயே மாதக்கணக்கில் படுக்க வேண்டும். நல்ல காற்று, நல்ல சாப்பாடு, ஓய்வு வேண்டும் என்பார்கள். ஏழைக்கு அதெல்லாம் எங்கே கிடைக்கும்? அதனால் நோயாளிகளை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவை ஆஸ்பத்திரியில் வைத்தும், இன்னொரு பிரிவை அவரவர் வீட்டில் வைத்தும் அதே மருந்து கொடுத்தார்கள். முடிவு 1959-ல் வெளிவந்தது. ஆஸ்பத்திரியில் சாப்பாடு நன்றாக இருந்தது, வீட்டில் சாப்பாடு குறைவு. ஆனாலும் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவுக்குக் குணமானார்கள். இதனால் உலகம் முழுக்க ஏழைகள் வீட்டில் இருந்தே வைத்தியம் பார்த்துக்கொள்ள வழி பிறந்தது. சென்னையில் நடந்த அந்த ஆய்வு உலகத்துக்கே செய்த உதவி இது.

ஆனால் அதோடு இன்னொரு எண்ணமும் வளர்ந்தது. மாத்திரை இருந்தால் போதும், சாப்பாடு அவ்வளவு முக்கியமில்லை என்ற எண்ணம். பல வருஷம் மருந்து இலவசமாகக் கிடைத்தது. நோயாளி வீட்டுப் பானையில் என்ன இருக்குதுன்னு யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

பிறகு சத்தீஸ்கர் மாநிலத்தில், பிலாஸ்பூர் பக்கம் கனியாரி என்ற ஊரில் ஒரு தொண்டு நிறுவனம் நடத்தும் ஆஸ்பத்திரி டாக்டர்கள் டி.பி. நோயாளிகளின் எடையைக் கணக்கெடுத்தார்கள். 2013-ல் அந்தக் கணக்கு வெளிவந்தது. பெண் நோயாளிகளில் பாதிப் பேர் சுமார் 34 கிலோவுக்கும் கீழே இருந்தார்கள். முப்பத்தி நாலு கிலோ! ஐம்பது கிலோ அரிசி மூட்டையை நாமே தூக்கி வைக்கிறோம். அதைவிடக் குறைந்த எடையில் ஒரு முழு மனுஷி. எடை ரொம்பக் குறைந்தவர்கள்தான் அதிகம் இறந்தார்கள் என்பதும் அதில் தெரிந்தது.

ஜார்க்கண்டில் நடந்த ஆய்வு

இதைப் பார்த்த டாக்டர்கள் அடுத்த கேள்வியைக் கேட்டார்கள். நோயாளி வீட்டுக்கு நல்ல சாப்பாடு கொடுத்தால் வீட்டில் மற்றவர்களுக்கு நோய் வராமல் தடுக்க முடியுமா?

இதற்கு விடை தேடத்தான் 2019 ஆகஸ்டில் ஜார்க்கண்ட் மாநிலத்தில் 4 மாவட்டங்களில் 'ரேஷன்ஸ்' என்ற ஆய்வைத் தொடங்கினார்கள். பணம் கொடுத்தது ஐ.சி.எம்.ஆர்., அதாவது அரசாங்கம். ஆய்வை நடத்தியது மங்களூரில் உள்ள ஏனபோயா மருத்துவக் கல்லூரியின் டாக்டர்கள் அனுராக் பார்கவா, மாதவி பார்கவா ஆகியோர். அது தனியார் கல்லூரி. கூடவே சென்னையில் இருக்கும் நம் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும், ஜார்க்கண்ட் அரசின் காசநோய்த் திட்டமும் வேலை செய்தன. தனியார் கல்லூரி மட்டும் இருந்தால் அத்தனை கிராமத்துக்கும் போயிருக்க முடியாது. அரசு ஊழியர் மட்டும் இருந்தால் அத்தனை வீட்டிலும் கணக்கெடுக்க ஆள் போதாது. இரண்டு கையும் சேர்ந்ததால் ஓசை வந்தது.

2,800 நோயாளிகள் சேர்ந்தார்கள். அவர்கள் வீடுகளில் இருந்த 10,345 பேரையும் கவனித்தார்கள். அதில் மூன்றில் இரண்டு பங்கினர் பழங்குடி மக்கள். நம் கல்வராயன் மலை போலவே காடும் மேடுமாக இருக்கும் ஊர்கள். வீட்டாரில் மூன்றில் ஒருவர் ஏற்கெனவே எடை குறைந்தவர். கொரோனா காலத்திலும் விடாமல் நடத்தி 2022 ஜூலையில் முடித்தார்கள்.

இதில் ஒரு நல்ல விஷயம் பாருங்க. இந்த மாதிரி ஆய்வில் ஒரு பிரிவுக்குக் கொடுத்து இன்னொரு பிரிவுக்குக் கொடுக்காமல் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். ஆனால் நோயாளி பட்டினி கிடக்கக் கூடாது என்று எல்லா நோயாளிக்கும் சாப்பாட்டுப் பை கொடுத்தார்கள். மாதம் 10 கிலோ. அதில் 5 கிலோ அரிசி, 3 கிலோ வறுத்த கடலை மாவு, ஒன்றரை கிலோ பால் பவுடர், அரை லிட்டர் எண்ணெய், கூடவே சத்து மாத்திரை. சாதாரண டி.பி.க்கு 6 மாதம், மருந்துக்குக் கட்டுப்படாத டி.பி.க்கு 12 மாதம். வீட்டில் மற்றவர்கள் விஷயத்தில்தான் ஒப்பிட்டார்கள். ஒரு பிரிவில் வீட்டில் ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரை கிலோ பருப்பு, சத்து மாத்திரை கொடுத்தார்கள். மற்றொரு பிரிவு வீட்டார் வழக்கமாகச் சாப்பிடுவதையே சாப்பிட்டார்கள்.

முடிவு 2023 ஆகஸ்டில் 'லான்செட்' என்ற உலகப் புகழ் பெற்ற மருத்துவப் பத்திரிகையில் வெளிவந்தது. அரிசி, பருப்பு கிடைத்த வீட்டுப் பிரிவில் 5,621 பேர் இருந்தார்கள். அதில் 96 பேருக்கு டி.பி. வந்தது. கிடைக்காத பிரிவில் 4,724 பேர். அங்கே 122 பேருக்கு வந்தது. எல்லாவற்றையும் கணக்கிட்டுப் பார்த்தால் புதிதாக டி.பி. வருவது சுமார் 39 சதவீதம் குறைந்தது. சளி வழியாகப் பரவுகிற நுரையீரல் டி.பி. சுமார் 48 சதவீதம், அதாவது கிட்டத்தட்டப் பாதி குறைந்தது. சுமார் 30 வீட்டுக்குச் சாப்பாடு கொடுத்தால் ஒருவருக்கு நோய் வராமல் தடுக்கலாம் என்று கணக்குச் சொல்கிறது.

நோயாளிகள் பற்றியும் ஒன்று தெரிந்தது. முதல் இரண்டு மாதத்தில் எடை 5 சதவீதம் ஏறியவர்களுக்கு இறப்பு அபாயம் சுமார் 60 சதவீதம் குறைவாக இருந்தது. 5 சதவீதம்னா எவ்வளவு? 36 கிலோ இருக்கும் அக்காவுக்கு 1 கிலோ 800 கிராம். அவ்வளவுதான். ரெண்டு கிலோகூட இல்லை. அந்த எடை ஏறுதா இல்லையான்னு பார்ப்பதுதான் நாம் முதலில் செய்ய வேண்டிய வேலை.

டின் பவுடர் வாங்கணுமா?

அந்தப் பையில் விலை உயர்ந்த டின் பவுடர் இல்லை. அரிசி, கடலை, பால், எண்ணெய். அதனால்தான் இதை இவ்வளவு விவரமாகச் சொல்கிறோம். வீட்டில் யாராவது மெலிந்தால் குழுவில் கடன் வாங்கி டின் வாங்குகிறோம். டின் பத்து நாளில் தீர்ந்துவிடும், கடன் பத்து மாதம் இருக்கும். டாக்டர் குறிப்பாக எழுதிக் கொடுத்தால் அது வேறு. விளம்பரத்தைப் பார்த்து வாங்க வேண்டாம்.

நம் பக்கம் என்ன கிடைக்கும்? மலையில் சாமை, தினை, கேழ்வரகு. கீழே நெல், உளுந்து, நிலக்கடலை. ரேஷனில் அரிசி, துவரம் பருப்பு, பாமாயில். பொட்டுக்கடலை 100 கிராமில் சுமார் 20 கிராம் புரதம் இருக்கு. கொள்ளு, துவரை, நிலக்கடலையிலும் அந்த அளவோ கொஞ்சம் கூடவோ இருக்கு. ஒரு முட்டையில் 6 கிராம். மரவள்ளிக்கிழங்கு நம் பக்கம் நிறைய விளைகிறது. வயிறு நிரம்பும், தெம்பும் தரும். ஆனால் அதில் புரதம் ரொம்பக் குறைவு. கிழங்கு சாப்பிட்டால் கூடவே பருப்போ, கடலையோ, முட்டையோ, கருவாடோ வேண்டும். சர்க்கரை நோயும் சேர்ந்து இருப்பவர்கள் மட்டும் எவ்வளவு சாப்பிடணும் என்று டாக்டரிடம் கேட்டுச் செய்யுங்கள்.

இன்னொன்றும் சொல்லணும். நம் வீடுகளில் பெண்கள் கடைசியில் சாப்பிடுகிறோம். மிச்சம் இருந்தால் சோறு, இல்லாவிட்டால் ரசமும் கஞ்சியும். நோயாளி பெண்ணாக இருந்தாலும் அவர் பங்கு முட்டையைப் பிள்ளைக்கு எடுத்து வைப்பார். பிள்ளைப் பாசம் சரிதான், அக்கா. ஆனால் தாய் விழுந்தால் பிள்ளையை யார் பார்ப்பது? பிள்ளைக்கு அங்கன்வாடியில் சத்துமாவு, பள்ளியில் சத்துணவு கிடைக்கிறது. உங்கள் முட்டையை நீங்கள் சாப்பிடுங்கள்.

ஆய்வு என்று யாராவது வந்தால்

தனியார் என்றாலே கெட்டது என்று நாங்கள் சொல்லவில்லை. ஜார்க்கண்டில் தனியார் கல்லூரி செய்தது நல்ல வேலை. ஆனால் ஒரு பொருளை விற்கிற கம்பெனியே பணம் போட்டு அந்தப் பொருள் நல்லதா என்று ஆய்வு செய்தால் நாம் யோசிக்க வேண்டும். குழந்தைப் பால் பவுடர் விஷயத்தில் நம் நாட்டுச் சட்டமே இதைத் தடுக்கிறது. 1992-ல் வந்து 2003-ல் திருத்தப்பட்ட அந்தச் சட்டப்படி, குழந்தைப் பால் பவுடர் கம்பெனி டாக்டர்களுக்கோ நர்சுகளுக்கோ ஆராய்ச்சிக்கும் மாநாட்டுக்கும் பணம் தரக் கூடாது.

மலைக்கும் கிராமத்துக்கும் ஆய்வு என்று ஆட்கள் வரலாம். வரட்டும், நல்ல ஆய்வு வேண்டும். 'யாரும் வராதே' என்று விரட்டவும் வேண்டாம், கேட்காமல் கைநாட்டு வைக்கவும் வேண்டாம். இந்த ஆறு கேள்வியைக் கேளுங்கள்:

1. இந்த ஆய்வுக்குப் பணம் யார் தருகிறார்கள்?
2. எந்த நெறிமுறைக் குழு அனுமதி கொடுத்தது? கடிதத்தைக் காட்டுங்கள்.
3. எனக்கு என்ன தருவீர்கள், ரத்தமோ சளியோ எதற்கு எடுப்பீர்கள்?
4. பாதியில் வேண்டாம் என்றால் என் வைத்தியம் நிற்குமா? (நிற்கக் கூடாது. அது நம் உரிமை.)
5. எனக்கு ஏதாவது பாதிப்பு வந்தால் யார் பார்ப்பது?
6. முடிவு என்ன என்று எங்கள் ஊருக்கு வந்து சொல்வீர்களா?

ஐ.சி.எம்.ஆர். 2017-ல் வெளியிட்ட நெறிமுறைகள் நம் சம்மதம் இல்லாமல் ஆய்வு கூடாது என்கின்றன. எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் சம்மதம் வாங்கும்போது, ஆய்வைச் சேராத ஒருவர் சாட்சியாக இருக்க வேண்டும். மலையில் ஊர்ப் பெரியவர் சரி என்று சொல்லிவிட்டாலும் ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேட்க வேண்டும். சாட்சியாக நம் குழு ஊக்குநர் போய் உட்காரலாம்.

அரசிடம் நமக்குக் கிடைக்க வேண்டியது

டி.பி. நோயாளியின் சாப்பாட்டுக்கு மத்திய அரசு 2018 ஏப்ரலிலிருந்து மாதம் 500 ரூபாய் வங்கிக் கணக்கில் போட்டது. 'நிக்ஷய் போஷண்' என்று பெயர். ஆய்வு முடிவு வந்த அடுத்த வருஷம், 2024 நவம்பர் 1 முதல், அது மாதம் 1,000 ரூபாய் ஆனது. 6 மாத வைத்தியத்துக்கு 6,000 ரூபாய். மாதாமாதம் வராது, தவணையாக வரும். ஆதார், வங்கிப் புத்தகம் சரியாக இல்லாவிட்டால் பணம் நின்றுவிடும். எடை ரொம்பக் குறைந்தவர்களுக்கு முதல் இரண்டு மாதம் கூடுதல் சத்துணவு தரும் திட்டத்தையும் அப்போது அறிவித்தார்கள். 2022 செப்டம்பரில் தொடங்கிய 'நிக்ஷய் மித்ரா' திட்டத்தில் யார் வேண்டுமானாலும் ஒரு நோயாளிக்குச் சாப்பாட்டுப் பை தரப் பொறுப்பேற்கலாம். தனி ஆளும் செய்யலாம், அமைப்பும் செய்யலாம், கம்பெனியும் செய்யலாம். நோயாளியின் குடும்பத்தாரையும் 2024-ல் இதில் சேர்த்தார்கள்.

நம் மாநிலத்தில் 2022 ஏப்ரலில் 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்' தொடங்கியது. சென்னையில் உள்ள தேசிய தொற்றுநோயியல் நிறுவனமும் மாநில அரசும் சேர்ந்து வகுத்த திட்டம். டி.பி. என்று தெரிந்ததும் எடை, கால் வீக்கம், மூச்சு, ரத்தத்தில் ஆக்சிஜன், பிடிமானம் இல்லாமல் நிற்க முடிகிறதா ஆகியவற்றைப் பார்ப்பார்கள். ரொம்ப மோசமாக இருப்பவரை வீட்டுக்கு அனுப்பாமல் ஆஸ்பத்திரியில் சேர்த்துச் சாப்பாடும் வைத்தியமும் தர வேண்டும். உங்கள் வீட்டு நோயாளிக்கு இதைப் பார்த்தார்களா என்று கேளுங்கள். கேட்பது தப்பில்லை.

நாம் என்ன செய்யப் போகிறோம்?

சுகாதாரக் குழு சார்பில் ஐந்து வேலையைக் கூட்டமைப்பின் முன் வைக்கிறோம்.

ஒன்று, இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், சாயங்காலக் காய்ச்சல், எடை குறைவு, சளியில் ரத்தம் இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போவோம். பரிசோதனையும் மருந்தும் இலவசம். வீட்டில் மற்றவர்களையும், முக்கியமாக 5 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளையும் காட்டணும். நோய் வராமல் தடுக்கவும் மாத்திரை இருக்கிறது. சந்தேகம் கேட்க 1800-11-6666 என்ற இலவச எண் இருக்கிறது.

இரண்டு, மாதம் ஒரு முறை எடை பார்ப்போம். 150 சென்டிமீட்டர் உயரமுள்ள பெண் சுமார் 42 கிலோவாவது இருக்கணும். 36-க்குக் கீழே போனால் ஆபத்து. குழு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைப்போம். இரண்டு மாதத்தில் எடை ஏறாவிட்டால் நர்ஸ் அம்மாவிடம் சொல்வோம்.

மூன்று, குழுக் கூட்டத்துக்கு வரும்போது ஆளுக்கு ஒரு பிடி அரிசி, ஒரு பிடி பயறு கொண்டு வருவோம். பிடி அரிசி நம் அம்மா காலத்துப் பழக்கம்தான். அதை நோயாளிக்கு மட்டுமில்லாமல் அந்த வீட்டுக்கே கொடுப்போம். முடிந்த கூட்டமைப்புகள் நிக்ஷய் மித்ராவாகப் பதிவும் செய்யலாம்.

நாலு, வைத்தியம் முடியும் வரை அந்த வீட்டுத் தவணையை எப்படித் தள்ளி வைப்பது என்று ஒவ்வொரு குழுவும் தீர்மானம் போடணும். தவணைக்குப் பயந்து சாப்பாட்டைக் குறைத்தால் நாம் கொடுத்த கடனே அவங்க உடம்பைக் கரைக்கும். அவர் குணமாகி வந்தால்தான் அந்தக் கடனும் திரும்பும்.

ஐந்து, வேலைக்கு வெளி மாநிலம் போகிறவர்கள் மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தால், கிளம்பும் முன் சுகாதார நிலையத்தில் சொல்லிவிட்டுப் போகணும். போகிற ஊரிலும் அதே மருந்து இலவசமாகக் கிடைக்க ஏற்பாடு செய்வார்கள். சொல்லாமல் போனால்தான் மருந்து நின்றுபோகும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். தட்டையும் டம்ளரையும் தனியாக வைக்காதீங்க. இந்த நோய் தட்டில் பரவாது, இருமும்போது காற்றில் பரவும். வாயை மூடி இருமச் சொல்லுங்க, ஜன்னலைத் திறந்து வையுங்க, மருந்தை விடாமல் சாப்பிடச் சொல்லுங்க. பிறகு பக்கத்தில் உட்கார்ந்து அவங்க சாப்பிடுகிறாங்களான்னு பாருங்க.

பெரிய டாக்டர்களும் அரசாங்கமும் சேர்ந்து மூன்று வருஷம் பாடுபட்டு அரிசியும் பருப்பும் உயிர் காக்கும் என்று காட்டிவிட்டார்கள். அதை வீடு வரைக்கும் கொண்டு சேர்க்கிற வேலை நம்முடையது. அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது உங்கள் குழுவில் எத்தனை வீட்டில் டி.பி. வைத்தியம் நடக்கிறது, எடை எவ்வளவு ஏறியிருக்கிறது, அரசுப் பணம் வந்ததா என்று எழுதிக் கொண்டு வாங்க. நோயாளி பெயரைச் சபையில் சொல்ல வேண்டாம், எண்ணிக்கை போதும்.